தங்கவயல்: கைவிடப்பட்ட சுரங்க நிலமும் தமிழ் அச்சு வரலாறும்

தமிழகத்திற்கு வெளியே தமிழர் நிலைகொண்ட இடங்களுள் வணிகத்தால் அமைந்தனவும் உண்டு. உடலுழைப்பால் அமைந்தனவும் உண்டு. முன்னதற்குத் திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவைச் சான்றாகக் காட்டலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராசா கேசவதாசரால் உருப்பெற்ற அத்தெருவில் தமிழ் வணிகர் இன்றும் கடை நடத்தி வருகின்றனர். பின்னதற்குரிய பெருஞ்சான்று கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல். சாலைத் தெருவின் வாணிகம் ஓயவில்லை. தங்கவயலின் சுரங்கங்களோ 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன.

தங்கவயலைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் வெட்டியெடுத்த பொன்னின் எடையையும் சுரங்கத்தின் ஆழத்தையும் ஆங்கிலேயப் பொறியாளரின் திறனையும் எடுத்துரைத்தனர். தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்தோர் கூலி, வேலைநிறுத்தம், சாதி ஆகியவற்றை விரிவாக விளக்கினர். ஜானகி நாயரின் ஆங்கில ஆய்வு நூல் (1998) இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஆயினும், அவ்வூர் ஒரு தமிழ் அச்சுக்களமாகவும் விளங்கிற்று என்னும் செய்தி தமிழ் இலக்கிய வரலாறுகளில் உரிய இடம் பெறவில்லை. தங்கவயலின் இடிபாடுகளைக் காணும்பொழுது இவ்விடுபாட்டையும் சேர்த்தே காண வேண்டியுள்ளது.

குவளாலபுரம்

கோலாரின் பழம்பெயர் குவளாலபுரம். மேலைக் கங்கர் தம்மைக் குவளாலபுரத் தலைவராகக் கூறிக்கொண்டனர். சோழர் ஆட்சியில் இப்பகுதி நிகரிலிச்சோழ மண்டலத்துக் குவளால நாடு என வழங்கிற்று. கோலாரம்மன் கோயிலில் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தமிழ் பயில்வோர்க்கு இவற்றினும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. பவணந்தி முனிவரை நன்னூல் இயற்றச் செய்தவன் சீயகங்கன் அமராபரணன் என்பது அந்நூலின் சிறப்புப்பாயிரத்தால் அறியப்படும். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டுகள் இவனைக் குவளாலபுரப் பரமேசுவரன் எனச் சிறப்பிக்கின்றன. தமிழ் மாணவர் வழிவழியாகப் பயிலும் இலக்கணம் இப்பொன்னாட்டின் பெயரைத் தாங்கிய ஒருவனின் ஆதரவில் எழுந்தது. தங்கவயலைக் குறித்துப் பேசுவோர் இதனை ஏனோ நினைவுகூர்வதில்லை.

இப்பகுதியில் பழஞ்சுரங்கங்கள் இருந்தமை உறுதி. கி.பி. முதல் ஆயிரத்தாண்டிலேயே இங்குப் பொன் அகழப்பட்டது. ஆனால் சிந்துவெளிப் பொன் இங்கிருந்தே சென்றது என்பதும், சோழப் பேரரசின் பொன்வளம் அனைத்தும் இங்கிருந்தே வந்தது என்பதும் கருதுகோள்களே. மேடைச் சிறப்புக்காக இவற்றை முடிந்த முடிபாகக் கூறுதல் ஆய்வுக்கு ஏற்புடையதன்று.

வாரன் முதல் டெய்லர் வரை

1802-இல் மைசூர் எல்லை அளவைப் பணியில் ஈடுபட்ட ஜான் வாரன் என்னும் படை அதிகாரி, மண்ணில் பொன் கிடைப்பதாக இப்பகுதியில் வழங்கிய பேச்சைக் கேட்டார். உரிகம், மாரிக்குப்பம் ஆகிய ஊர்களின் மக்கள் மண்ணை அரித்தும், குழி தோண்டிக் கல்லை உடைத்தும் பொன் எடுப்பதை நேரில் கண்டு எழுதி வைத்தார். எழுபது ஆண்டுகள் கழிந்தபின், நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வுபெற்று பெங்களூரில் தங்கியிருந்த லாவெல் என்பவர் வாரனின் குறிப்பைப் படித்து 1873-இல் மைசூர் அரசிடம் உரிமம் கோரினார். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது. முதல் சில ஆண்டுகளில் போட்ட பணம் கரைந்ததேயன்றிப் பொன் கிட்டவில்லை. இதே காலத்தில் நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் பொன் வேட்கை பொங்கி எழுந்து சில ஆண்டுகளிலேயே அடங்கிற்று. கோலாரும் அவ்வழியே சென்றிருக்கும். பழைய அகழ்வுகளின் அடியைத் தொடர்ந்து தோண்டியபொழுது சாம்பியன் பாறைத்தொடர் அகப்பட்டமையால் அது பிழைத்தது. பொன்னைக் காட்டிக் கொடுத்தவை பெயரறியாத முன்னோர் தோண்டிய குழிகளே.

அதன்பின் வளர்ச்சி விரைவாயிற்று. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பியிழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பேத்தமங்கலத்தில் பாலாற்று நீரைத் தேக்கிக் குழாய் வழியே தந்தனர். அப்பாலாறு கீழே பாயும் வட ஆர்க்காட்டிலிருந்தும், சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்தும் பஞ்சத்தாலும் நிலமின்மையாலும் சாதிக் கொடுமையாலும் நெருக்குண்ட மக்கள் இங்கு வந்தனர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. ஆற்றின் போக்கிற்கு எதிராக மேல்நோக்கி வந்த குடிப்பெயர்வு இது.

சாம்பியன் சுரங்கம் நிலமட்டத்திற்குக் கீழ் மூன்று கிலோமீட்டரைக் கடந்தது. அழுத்தம் தாங்காது பாறை வெடித்துச் சிதறுதல், கொதிக்கும் வெப்பம், நுரையீரலை அரிக்கும் கல்தூசி ஆகியவை அன்றாட நிகழ்வுகள். 1930-இல் கைரேகை பதியும் கட்டாயத்தை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தம்மைக் கூலிக்காரராக அன்றிக் குற்றவாளியராகக் கருதிய முறையை அவர்கள் மறுத்தனர் என இதனைக் கொள்ளலாம். சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசுடைமையாயின. 1962-இல் நடுவணரசின் கைக்கு மாறின. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. இடையில் 1965-இல் அச்சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோத் துகள்கள் உலகில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டவற்றுள் ஒன்றான ஆய்வு நிகழ்ந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் எண்ணூறு டன் அளவு பொன் எடுக்கப்பட்டது. கனிமத்தில் பொன்னின் செறிவு குறையச் செலவு வருவாயை விஞ்சிற்று.

பாலையாகிய நிலம்

இன்று அங்குச் செல்வோர் முதலில் காண்பது சயனைட் மேடுகள். பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய அரைகல் மண் குன்றுகளாக உயர்ந்து நிற்கிறது. மழைநீர் அரித்த பிளவுகள் அவற்றில் ஓடுகின்றன. காற்று வீசுங்காலத்து நுண்தூசி குடியிருப்புகளில் படிகிறது. கூண்டு இறக்கும் இரும்புக் கோபுரங்கள் துருவேறியுள்ளன. சுரங்கக் குழிகளில் நீர் நிரம்பிவிட்டது. அதிகாரிகளின் பங்களாக்கள் பாழடைந்து கிடக்க, 'லைன்' எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் மக்கள் இன்னும் வாழ்கின்றனர். கைவிடப்பட்டது சுரங்கமே, ஊரன்று. இவ்வேறுபாட்டை மறந்து 'பேய் நகரம்' என எழுதுவோர் அங்குள்ளாரை இல்லாதவராக்குகின்றனர்.

இது இயற்கைப் பாலைவனம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என இளங்கோவடிகள் குறிப்பிடுவார். அங்குத் திரிபிற்குக் காரணம் கதிரவனின் வெம்மை. இங்கு மனிதன் செய்த தொழில். பாலையின் உரிப்பொருள் பிரிவு என்பதும், அப்பிரிவுள் பொருள்வயிற் பிரிவு சிறப்பிடம் பெறுவதும் இந்நிலத்திற்கு முற்றும் பொருந்துகின்றன.

அச்சும் இதழும்

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் உயிர்ப்புள்ள கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இயங்கின. பண்டிதர் 1914-இல் மறைந்தபின் இதழ் நெடுநாள் நிலைக்கவில்லை. அதனை 1926-இல் மீண்டும் உயிர்ப்பித்தவர் கோ. அப்பாதுரையார், உயிர்ப்பித்த இடம் தங்கவயல். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை சாம்பியன் ரீஃபிலிருந்து வெளியிட்டது. அச்சுத்தொழிலில் சென்னையும் யாழ்ப்பாணமும் பெற்ற இடத்தை விரித்துரைக்கும் வரலாறுகள், பகலில் வெளிச்சம் காணாது உழைத்தோர் வாழ்ந்த இவ்வூரைக் கடந்து சென்றுவிட்டன. சென்னையில் தோன்றிய இதழ் ஒன்று சுரங்கத் தொழிலாளரிடையே மறுபிறப்பெய்தியது என்றால், அங்கு வாங்கிப் படிப்போரும் படிக்கக் கேட்போரும் போதிய அளவில் இருந்தனர் என்பதே பொருள்.

ஞான அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக 1999-இல் வந்தபின்னரே பண்டிதர் பல்கலைக்கழக ஆய்வுகளுள் பரவலாக நுழைந்தார். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அவ்வெழுத்துகள் இயக்க வழியினரின் பேணுதலால் பிழைத்தன. ஆயின் பண்டிதரைப் பற்றிப் பெருகிய ஆய்வுகளின் அளவிற்குத் தங்கவயல் காலத்துத் 'தமிழன்' பற்றிய ஆய்வு பெருகவில்லை. சங்கக் கூட்ட அறிக்கைகள், துண்டறிக்கைகள், வாசகர் கடிதங்கள், திருமண அழைப்பிதழ்கள் முதலியன இவ்வாய்விற்கு முதன்மைச் சான்றுகளாகும். லைன் வீடுகளின் பரண்களில் எஞ்சியிருக்கக்கூடிய இத்தாள்களுக்குக் கல்வெட்டின் ஆயுள் இல்லை. முதிய தலைமுறை மறைய, இளையோர் வேறூர் செல்லச் செல்ல இவை பழைய காகிதமாகவே விலைபோகும்.

சயனைட் மேடுகளுக்கு அந்நிலை இல்லை. அவற்றில் எஞ்சிய பொன்னைப் பிரித்தெடுக்கும் நடுவணரசின் திட்டத்திற்குக் கருநாடக அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு இசைவளித்தது. பதின்மூன்று மேடுகளும் அவற்றின் எடையும் கணக்கிடப்பட்டுள்ளன. அதே ஆண்டில் வெளிவந்த 'தங்கலான்' திரைப்படம் இவ்வூரின் பெயரைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. சாம்பியன் ரீஃபில் அச்சான தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் முழுமையான அட்டவணை செய்தல் ஒரு துறையின் முனைவர் பட்ட ஆய்வாளர் இருவர் மூவர் சில ஆண்டுகளில் முடிக்கத்தக்க பணி. அங்குள்ள சான்றுகளைத் தேடிச் செல்வோர் விடுமுறை நாளில் செல்லுதல் நலம். மற்றை நாள்களில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டியில் ஊரின் பெரும்பகுதியினர் விடியுமுன்னரே பெங்களூருக்கு வேலைக்குச் சென்றுவிடுகின்றனர், திரும்பும்பொழுது இரவாகிவிடும்.