திண்ணைக்கு வந்த சங்கீதம்

பதினைந்து வேலம்பாளையத்தில் பாட்டுக் கேட்க வேண்டுமானால் மின்சாரம் நிற்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பக்கம் நிட்டிங் மெஷின், மறு பக்கம் பவர் டேபிள். இரண்டுக்கும் நடுவில் குடியிருக்கிறவன் சங்கீத ரசிகனாக இருப்பது கொஞ்சம் கஷ்டமான காரியம். ஆனால் மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டு டீச்சர் இருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். டெய்லர்களின் குழந்தைகள், செக்கிங் வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகள் என்று பத்துப் பதினைந்து பேர் மாலையில் அங்கே உட்கார்ந்து பாடுகிறார்கள். மெஷின் இரைச்சலையே சுருதியாக வைத்துக்கொண்டு பாடப் பழகிவிட்ட குழந்தைகள்!

சென்ற நவராத்திரிக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. கோவிலில் குழந்தைகள் பாடுவதாக ஏற்பாடு. டீச்சர் எழுதிக் கொடுத்த பாட்டு வரிசையில் முத்துசுவாமி தீட்சிதரின் 'சந்ததம் பாஹிமாம்' இருந்தது. விழாக் கமிட்டிப் பெரியவருக்கு யாரோ கைப்பேசியில் இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அவர் நேரே டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், இது இங்கிலீஷ்கார ராஜாவோட பாட்டுங்களாமே? சின்னமலையைத் தூக்குலே போட்டவன் பாட்டை நம்ம அம்மன் முன்னாலே பாடறதுங்களா?"

டீச்சருக்கு வாய் அடைத்துப் போயிற்று. பாட்டு சியாமளா தேவியைப் பற்றியது, இயற்றியவர் மும்மூர்த்திகளில் ஒருவர் என்று மட்டும் சொல்லிப் பார்த்திருக்கிறார். பெரியவர் கேட்கவில்லை. அவர் போன பிறகு என்னிடம் வந்து, "நீங்கள் எழுதுகிறவர். ஏதாவது எடுத்துச் சொல்லுங்களேன்" என்றார். எனக்குச் சங்கீதம் கேட்கத்தான் தெரியும். இருந்தாலும் இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டு புத்தகங்களைப் புரட்டினேன்.

பெரியவர் சொன்னது உண்மைதான். 'கடவுளே, ராஜாவைக் காப்பாற்று' என்ற ஆங்கிலேயரின் தேசிய கீதத்து மெட்டும் 'சந்ததம் பாஹிமாம்' மெட்டும் ஒன்றேதான், மறைக்க இடமில்லை. தீட்சிதர் இது போல் முப்பதுக்கு மேற்பட்ட மெட்டுகளை எடுத்து சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டிருக்கிறார். அவற்றுக்கு 'நோட்டு ஸ்வர சாகித்யம்' என்று பெயர். 'நோட்' என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் நோட்டு ஆகிவிட்டது.

தீட்சிதர் 1775இல் திருவாரூரில் பிறந்தார். தகப்பனார் ராமஸ்வாமி தீட்சிதர் பெரிய வித்வான். சென்னைக்கு வடக்கே மணலியில் இருந்த முத்துகிருஷ்ண முதலியார் என்ற பிரபு அந்தக் குடும்பத்தைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். (இன்றைக்கு மணலி என்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைதான் நினைவுக்கு வருகிறது, வீணை நினைவுக்கு வருவதில்லை.) அவருக்குப் பின் அவர் மகன் சின்னையா முதலியார் ஆதரித்தார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு துபாஷி. அந்தச் செல்வாக்கில் தீட்சிதர் சகோதரர்களைச் சென்னைக் கோட்டைக்கு அழைத்துப் போய், அங்கே வாசிக்கும் பாண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார்.

கற்பனை செய்து பாருங்கள். வேதமும் வீணையும் கற்ற இளைஞர்கள், காதில் கடுக்கன், நெற்றியில் விபூதி. எதிரே சிவப்புச் சட்டைக்காரர்கள் கிளாரினெட்டும் கொம்பும் டிரம்முமாக நிற்கிறார்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது.

அந்தச் சிவப்புச் சட்டைக்குள் இருந்தவர்கள் யார் என்று தேடியபோதுதான் எனக்கு விஷயம் சுவைப்பட ஆரம்பித்தது. நாம் எல்லாரையும் 'வெள்ளைக்காரன்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். கம்பெனிப் பட்டாளத்தில் அயர்லாந்துக்காரர்கள் ஏராளம். 19ஆம் நூற்றாண்டில் அதன் வெள்ளைச் சிப்பாய்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவர்களே. ஊரில் பிழைப்பில்லாமல் கப்பலேறியவர்கள். கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவே பின்னால் 1881இல் டப்ளின் நகரத்தின் பெயரைத் தாங்கிய ரெஜிமெண்டாக மாறிற்று. ஸ்காட்லாந்து மலைநாட்டாரும் வந்தார்கள். 1780இல் காஞ்சீபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் தோற்றுச் சிறைப்பட்டவர்களில் அவர்களும் உண்டு. அவர்களுடைய வாத்தியம் பையில் காற்றை அடைத்து ஊதுவது. நம் நாகஸ்வரத்துக்கு ஒத்து பிடிப்பதுபோல் ஒரே ஸ்வரம் விடாமல் பின்னால் நிற்கும்.

இந்த இரண்டு ஜனங்களும் கெல்டிக் என்று சொல்லப்படும் பழைய இனத்தின் பாஷையையும் பாட்டையும் காப்பாற்றி வைத்திருந்தவர்கள். இரண்டு நாட்டாரும் ஆங்கிலேயரிடம் அடிபட்டவர்கள். 1798இல் அயர்லாந்தில் பெரிய கலகம் நடந்து அடக்கப்பட்டது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது அதற்கு மறு வருஷம். அந்தத் தேசிய கீதத்தின் கதை இன்னும் வேடிக்கை. மெட்டை யார் போட்டது என்று தெரியாது. 1745இல் ஸ்காட்லாந்திலிருந்து ஓர் இளவரசன் படை திரட்டிக்கொண்டு லண்டனை நோக்கி வந்தபோது, பயந்துபோன லண்டன்வாசிகள் நாடகக் கொட்டகையில் எழுந்து நின்று பாடிப் பிரபலமாக்கிய பாட்டு அது. அதாவது ஸ்காட்லாந்துக்காரனுக்கு எதிராகப் பாடிய பாட்டு! அதையே பிறகு ஸ்காட்லாந்துச் சிப்பாய் நம் கோட்டையில் அட்டென்ஷனில் நின்று கேட்டான். இன்றைக்கும் லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டுக்கு அதே மெட்டுத்தான் தேசிய கீதம். மெட்டுக்கு ராஜ விசுவாசம் என்று ஒன்று கிடையாது போலிருக்கிறது.

சரி, தீட்சிதர் எடுத்துக்கொண்ட மற்ற மெட்டுகள்? 'வந்தே மீனாக்ஷி' பாட்டின் மெட்டு 'லிமெரிக்' என்பதென்று ஆராய்ந்தவர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். லிமெரிக் அயர்லாந்தில் ஒரு நகரம். 'ஜகதீச குருகுஹ' என்பது மக்டொனால்ட் பிரபுவின் பெயரில் வழங்கும் ஸ்காட்லாந்து நடன மெட்டு. 'சக்தி ஸஹித கணபதிம்' ஒரு பிரெஞ்சு நடனப் பாட்டு. ஒரு யுவதியை ஆட அழைக்கும் பாட்டு, பிள்ளையாரிடம் வந்து அடக்கமாகிவிட்டது.

பெரும்பாலும் எல்லாம் ஆட்டத்துக்கான மெட்டுகள். நம் பாஷையில் சொன்னால், 'ஜிக்' என்ற ஆட்டம் தகிட தகிட என்று போகும்; 'ரீல்' என்பது தகதிமி தகதிமி. சின்னச் சின்ன இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசித்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆடுகிறவன் கால் ஓயும் வரையில் பாட்டுக்கு முடிவில்லை. ஸ்வரங்களோ நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். அவற்றில் அசைவு கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமும் ஈட்டி மாதிரி நிற்கும்.

இங்கேதான் தீட்சிதரின் மனத்தை நான் வியக்கிறேன். சங்கராபரணத்தைக் கமகத்தில் குழைத்து யானை நடையில் நடத்திக் காட்ட அவருக்குத் தெரியாதா? கீவளூர் சுவாமி பேரில் 'அக்ஷயலிங்க விபோ' பாடியவர் அல்லவா? அந்தக் கிருதியைக் கேட்டுவிட்டு நோட்டு ஸ்வரத்தைக் கேட்டால் இரண்டும் ஒரே ராகத்தின் ஸ்வரங்கள் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள். கமகம் ஏற்றி அந்த மெட்டுகளை நம் சாதியாக மாற்றிவிட அவருக்கு ஒரு நாழிகை போதும். அவர் செய்யவில்லை. வந்த விருந்தாளிக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, திண்ணையில் பாய் விரித்து உட்கார வைத்தார். வேஷ்டி கட்டிக்கொண்டு வா என்று சொல்லவில்லை. அவன் நடை அவனுக்கு. வார்த்தை மட்டும் தம்முடையது. 'குருகுஹ' என்ற முத்திரையும் பல பாட்டுகளில் உண்டு. பிற்காலத்தில் அவற்றைக் குழந்தைகளுக்கு ஆரம்ப பாடமாகக் கொடுத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்த விருந்தாளியோடு முதலில் சிநேகமாகிறவர்கள் குழந்தைகள்தானே?

தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரின் கதை வேறு. ஒரு ஐரோப்பியரை ஏற்பாடு செய்து அவருக்கு மூன்று வருஷம் பிடில் சொல்லிக்கொடுக்க வைத்தார் முதலியார். அந்த வாத்தியம் திண்ணையோடு நிற்கவில்லை. உள்ளே வந்து, தரையில் உட்காரக் கற்றுக்கொண்டு, தந்திகளை ஸட்ஜ பஞ்சமத்துக்குத் திருப்பிக்கொண்டு, சமையலறைச் சாவியை வாங்கிக்கொண்ட மருமகள் மாதிரி ஆகிவிட்டது. இன்று பிடில் இல்லாமல் நமக்குக் கச்சேரி ஏது? 'பிடில்' என்று நம் தாத்தாக்கள் சொன்னதைக் கொச்சை என்று நினைத்து நாம் வயலின் என்கிறோம். அயர்லாந்துக் கிராமத்தில் இன்றும் அதற்கு ஃபிடில் என்றுதான் பெயர்.

பாலுஸ்வாமி எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் வருஷத் தீபாவளியன்று அங்கேதான் காலமானார். அந்த சமஸ்தானம் கட்டபொம்மனுக்கு எதிராகக் கம்பெனியோடு நின்றது என்பதும், 1882இல் பாரதி பிறந்தது அதே ஊரில் என்பதும் பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்துக்கொண்டேன். சரித்திரம் நம் வழக்குக்குச் சாட்சி சொல்ல வந்தால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது.

பாலுஸ்வாமியின் பேரர் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில்தான் குடும்ப சரித்திரம் இருக்கிறது. அந்த நூலை வெளிக்கொண்டுவரத் தூண்டிப் பாடுபட்டவர் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர். நம் கிருதிகளை ஐரோப்பிய முறையில் ஸ்வரப்படுத்தி அச்சிட ஆரம்பித்தவரும் அவரே.

இன்னொன்று. பிரான்ஸ் தேசத்தில் பிரித்தானி என்ற மேற்குக் கரைப் பிரதேசத்தில் லோரியான் என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. 1971 முதல் ஒவ்வொரு ஆகஸ்டிலும் அங்கே கெல்டிக் ஜனங்களின் பாட்டும் கூத்தும் திருவிழாவாக நடக்கிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று எங்கிருந்தெல்லாமோ விருந்தினர் கோஷ்டிகள் வருகிறார்கள், லட்சக்கணக்கில் கூட்டம். லோரியான் என்றால் 'கிழக்கு' என்று பொருள். பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களுக்காக 1666இல் உண்டாக்கிய ஊர் அது. புதுச்சேரியிலிருந்து போன துணி மூட்டைகள் அங்கேதான் இறங்கின. பனியன் மூட்டை கட்டும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது, அந்தத் திருவிழாவில் நமக்கும் ஒரு நாற்காலி போட வேண்டியதுதான் என்று தோன்றிற்று.

நாற்காலி போட ஒருவர் வழி காட்டியிருக்கிறார். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் வாழும் இசையமைப்பாளர் கண்ணிகேஸ்வரன் நோட்டு ஸ்வரங்களை ஆராய்ந்து, தம் மகளைப் பாட வைத்து, ஓர் இந்திய-கெல்டிக் இசைப் பயணம் என்றே பெயரிட்டு இசைத்தட்டாக வெளியிட்டார். கோட்டையில் கேட்ட மெட்டு இருநூறு வருஷம் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மீனாக்ஷியைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி கடல் தாண்டியிருக்கிறது.

இரண்டாம் நாள் சாயந்திரம் பெரியவரைப் பார்க்கப் போனேன். காப்பி கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். 1919இல் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்திருந்தபோது 'ஜன கண மன' மெட்டுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதியது மார்கரெட் கசின்ஸ் என்ற அயர்லாந்து அம்மாள் என்பதையும் சொன்னேன். அது அவரை ஒரு நிமிஷம் யோசிக்க வைத்தது. பொறுமையாகக் கேட்டார், நடுவில் மறுக்கவே இல்லை.

"நீங்க சொல்றது அத்தனையும் சரிதானுங்க" என்றார் கடைசியில். "எங்க அப்பாரு ஆடிப் பதினெட்டு தவறாமச் சங்ககிரிக்குப் போயிட்டு வருவாருங்க. அந்தத் தூக்குப் போட்ட இடத்துலே என்னைத் தோள்லே வச்சுக் காட்டியிருக்காரு. கோட்டையிலே பாட்டுக் கேட்ட காலமும் அந்தக் காலந்தானுங்களே?"

ஆமாம், அதே காலந்தான். தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது 1805. இதற்கு என்னிடம் பதில் இல்லை. தீட்சிதரின் திண்ணை பெரியது. அதில் உட்கார எல்லாரும் கடமைப்பட்டவர்களா என்ன?

"அந்த ஒண்ணு மட்டும் வேண்டாமுங்க. வேற ஏதாச்சும் பாடட்டும்" என்றார்.

டீச்சரிடம் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் அந்தப் பாட்டை அடித்துவிட்டு, அதே இடத்தில் 'வந்தே மீனாக்ஷி' என்று எழுதினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

நவராத்திரியில் ஒரு நாள் சாயங்காலம் குழந்தைகள் பாடினார்கள். பக்கத்துக் கம்பெனியில் அன்றைக்கு மெஷினை நிறுத்தியிருந்தார்கள். பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தகிட தகிட என்று லிமெரிக் மெட்டு புறப்பட்டதும் அவர் வலது கால் செருப்பில்லாமல் சிமெண்டுத் தரையில் தட்ட ஆரம்பித்தது. பாட்டு சீக்கிரம் முடிந்துவிட்டது. அந்த மெட்டுகள் அவ்வளவுதான்.

"இது நல்லா இருக்குதுங்க டீச்சர். இன்னொருக்கா பாடச் சொல்லுங்க" என்றார்.

குழந்தைகள் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.