போஉய் புங்ன்யூ தோ

கொரியாவின் சோசன் அரசுக் கால ஓவியர் கிம் ஹோங்-தோ (பிறப்பு 1745) தாளில் மையும் இலேசான வண்ணமும் கொண்டு தீட்டிய சிற்றோவியம். அகலம் சுமார் 37 செ.மீ., உயரம் 28 செ.மீ. உத்தியோகம் பார்க்காத ஒருவர் வீட்டில் சாவகாசமாக இசை மீட்டுவதுதான் காட்சி. வரைந்த ஆண்டு ஓவியத்தில் இல்லை.

படித்த குடியினர் வீட்டுக்குள் அணியும் சதுரத் தொப்பி தலையில்; வளைந்த கழுத்துடைய 'பிபா' எனும் நரம்பிசைக் கருவி கையில். கால்களோ வெறுங்கால்கள். விரல்கள் தெரிய ஒரு கனவானை வரைவது அன்றைக்குச் சற்றுத் துணிச்சலான காரியம். அங்கியின் மடிப்புகளில் மைக்கோடு அழுத்தமாகத் தொடங்கி, ஒடிந்து, மெலிந்து முடிகிறது. பின்புலம் என்று ஒன்றுமே கிடையாது. சுவரோ தரையோ வரையாமல், புத்தகக் கட்டு, சுருட்டிய தாள்கள், மைக்கல், சுரைக்குடுவை, வாள், 'செங்ஹ்வாங்' என்னும் மூங்கில் குழல் கருவி, பூச்சாடி ஆகியவற்றை அவரைச் சுற்றிப் பரப்பிவிட்டார் ஓவியர்.

எளிய மண்வீட்டில், பதவியை நாடாமல், பாட்டிலேயே காலம் தள்ள விரும்புவதாகச் சொல்கிறது ஓவியத்திலுள்ள எழுத்து. ஆனால் அருகே கிடக்கும் பொருள்கள் ஏழை வீட்டுச் சாமான்கள் அல்ல. அக்காலத் தலைநகர் ஹான்யாங்கில் (இன்றைய சோல்) சீனப் பழம்பொருள் சேர்க்கும் மோகம் பரவியிருந்தது. அதன் சாயலே இங்கும் தெரிகிறது.

இன்னொரு முரணும் உண்டு. கிம் அரசவை ஓவியர். 1773-இல் மன்னர் யோங்ஜோவின் உருவப்படப் பணியிலும், 1781, 1791 ஆண்டுகளில் மன்னர் ஜோங்ஜோவின் உருவப்படப் பணிகளிலும் பங்கேற்றவர். கடைசிப் பணிக்குப் பரிசாக யோன்புங் என்ற ஊரின் நிர்வாகியாகவும் ஆனார். 1795-இல் அந்தப் பதவி பறிபோனது. ஓவியத்தில் இருப்பவர் அவரேதான் என்று கருதுவோர் பலர். முகத்தை வைத்து அதை நிறுவ முடியாது. அவர் இசையிலும் தேர்ந்தவர் என்பது மட்டும் அந்த ஊகத்துக்குத் துணை நிற்கிறது.

இருந்தும், கொரிய தேசிய அருங்காட்சியகத்திலுள்ள அவரது 25 தாள் வாழ்வியல் ஓவியத் தொகுப்பில், ஆடும் சிறுவனுக்கு வாசிக்கும் ஆறு இசைஞர்களுள் 'ஹேகும்' எனும் இருநரம்பு வில்லிசைக் கருவி வாசிப்பவரின் இடக்கை திரும்பிய பக்கம் தவறு. தெரியாமல் நேர்ந்த பிழையா, குறும்பா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை.

பணம் அவரிடம் தங்கியதில்லை. 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் சோ ஹுய்-ரியோங் பதிவுசெய்த கதைப்படி, ஓர் ஓவியத்துக்குக் கிடைத்த 3,000 காசில் 2,000-க்கு பிளம் மரமும், 800-க்கு நண்பர்களோடு அருந்த மதுவும் வாங்கினார். அரிசிக்கும் விறகுக்கும் மிஞ்சியது 200.