யானை, நாகம், பசு: மதுரையைச் சுற்றிய மலைகளும் கதைகளும்

மதுரைக்கு வடகிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை, தென்மேற்கே பசுமலை. திருச்சி, மேலூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நகரம் தெரிவதற்கு முன்பே யானைமலை தெரிந்துவிடும். ஒத்தக்கடை தாண்டும்போது பேருந்தின் ஜன்னலோரம் இடம்பிடித்து, மத்தகம் எது, துதிக்கை எது, முதுகு எங்கே முடிகிறது என்று தம்பி தங்கைகளுக்குக் காட்டிக்கொடுப்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பழைய பொழுதுபோக்கு. யானை ஏன் அங்கே படுத்துக் கிடக்கிறது என்று பிள்ளை கேட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் விடை தயாராக இருக்கும்: “மதுரையை அழிக்க வந்துச்சு. சொக்கநாதர் அம்பு விட்டுக் கல்லாக்கிட்டார்.”

வாய்வழியாக இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும் இந்தக் கதை, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தனிப் படலமாக விரிகிறது. அறுபத்து நான்கு திருவிளையாடல்களில் 22ஆவது, யானை எய்த படலம். விக்கிரம பாண்டியனைப் போரில் வெல்ல முடியாத சோழ மன்னன் எண்ணாயிரம் சமணரைத் திரட்டி வேள்வி செய்விக்கிறான். வேள்விக் குண்டத்திலிருந்து எழுந்த பெரும் யானை மதுரையை நோக்கி வருகிறது. இறைவன் வில்வீரனாக வந்து, தனக்காகக் கட்டப்பட்ட அட்டாலை மண்டபத்தின் மீது ஏறி, நரசிங்கக் கணையை விடுகிறார். யானை மலையாகிறது. கணையோ மலையடியில் நரசிங்கமூர்த்தியாகிறது.

28ஆவது படலத்தில், அனந்தகுண பாண்டியன் காலத்தில், பாம்பு வருகிறது. நகரின் மேற்கு வாயிலுக்கு வந்த அதனை அரசனே எய்து வீழ்த்துகிறான். அது கக்கிய நஞ்சை இறைவன் தன் சடையிலிருந்து சிந்திய அமுதம் போக்குகிறது. பாம்பு கிடந்த இடம் நாகமலை. அடுத்த படலத்தில் மாயப் பசு. பசுவைக் கொல்வது பாவம் என்பதால் அம்பு எய்ய வழியில்லை, நந்தி அனுப்பப்படுகிறது. நந்தியின் அழகில் மயங்கியே பசு உயிர்விட்டுப் பசுமலையாகிறது. மூன்று கதைகளில் இதுவே நயமானது. புராணம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது என்னவோ யானையும் அம்பும்தான்.

இந்த மூன்று படலங்களையும் கற்பனை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவை எதிலிருந்து பிறந்தன என்று பார்ப்பது அதைவிடச் சுவையானது. அதற்கு யானைமலைப் பாறையில் உள்ள எழுத்துகளைக் காலவரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மலையின் இயற்கைக் குகைத்தளத்தில் உள்ள தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. இங்கே உறைந்த துறவியரின் பெயர்களைச் சொல்லும் அந்தச் சிறு வரி, மலையை ‘இவ குன்றம்’ என்கிறது. இவம் என்றால் யானை. ஆக, சமணர் வேள்விக் கதை எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மக்கள் இந்தப் பாறையில் யானையைக் கண்டிருக்கிறார்கள். பெயர்தான் முதலில், கதை பிறகு.

இரண்டாவது, மலையடிவாரத்து நரசிங்கம் குடைவரை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் உத்தர மந்திரியாக இருந்த களக்குடி மாறன் காரி இதைக் குடைவித்தான். கல்வெட்டில் கலியாண்டு 3871 என்று குறிக்கப்பட்டிருப்பது கி.பி. 770க்குச் சமம். பணி நிறைவுறுமுன் மாறன் காரி இறந்துபோக, அவனுடைய தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து நீர்தெளித்தான். சமஸ்கிருதம் கிரந்த எழுத்திலும் தமிழ் வட்டெழுத்திலுமாகப் பாறையில் இது பதிவாகியிருக்கிறது. யோக நரசிம்மர் இங்கே வந்த விதம் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. புராணமோ அவரை இறைவன் விட்ட கணையின் மறுவடிவம் என்கிறது. மலையடியில் ஏற்கெனவே நரசிங்கர் வீற்றிருந்ததால்தான் யானைமீது விட வேறு கணை கிடைக்காமல் நரசிங்கக் கணை வந்தது என்று கொள்வதே பொருத்தம். மாசிப் பௌர்ணமியை ஒட்டி இக்கோயிலில் கஜேந்திர மோட்ச விழா நடப்பதும், யானைக்கு இன்னொரு கதையையும் இதே மலை தாங்கும் என்பதைக் காட்டுகிறது.

மூன்றாவது, மேலே பாறை முகட்டில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர், இயக்கியர் உருவங்கள். இவை 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. செய்வித்தவர்களில் ஒருவர் அச்சணந்தி என்னும் சமண ஆசிரியர். அவர் பெயர் பாண்டிநாட்டு மலைகள் பலவற்றில் காணப்படுகிறது. இதற்கு இரு நூற்றாண்டுகள் முன்பே திருஞானசம்பந்தர் தம் பதிகத்தில், ஆனைமலை முதலிய இடங்களில் வாழும் சமணரைக் குறிப்பிட்டிருக்கிறார்.

யானை என்ற பெயர், அடியில் நரசிங்கர், உச்சியில் சமணர். மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி, வெவ்வேறு காலத்தில் ஒரே பாறைக்கு வந்து சேர்ந்தவை. பின்னால் வந்த புராணக்காரர் மூன்றையும் ஒரே கதையில் கோத்துவிட்டார். மலையைப் பார்த்துக்கொண்டே கதை சொன்னவரின் கைவண்ணம் அது. மதுரையைச் சூழ்ந்த எட்டுப் பெருங்குன்றங்களில் சமணர் வாழ்ந்தனர் என்ற பழைய மரபும் உண்டு. எண்ணாயிரம் என்ற கணக்கு, குன்றுக்கு ஆயிரம் என அதையொட்டி எழுந்திருக்கலாம்.

எண்ணாயிரம் சமணர் சம்பந்தரிடம் வாதில் தோற்றுக் கழுவேறினர் என்ற கதையும் மதுரைப் பக்கம் பிள்ளைப்பருவத்திலேயே காதில் விழுவதுதான். புராணத்தின் 63ஆவது படலம் அது. சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு. அச்சணந்தியும் அவரையொத்த ஆசிரியர்களும் இதே மலைகளில் உருவங்கள் செய்வித்தது அதற்குப் பின்னர். சமணம் அன்றோடு வேரறுந்ததாகச் சொல்வதைக் கல்வெட்டுகள் ஒப்பவில்லை.

இதற்கு நல்ல சான்று, நாகமலைத் தொடரை ஒட்டிய கீழக்குயில்குடி சமணர்மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மலையின் ஒரு பக்கம் செட்டிப்புடவு, இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம். புடவு என்பது குகை. அதன் முகப்பில் முக்குடையின் கீழ், இருபுறமும் சாமரம் வீசுவோர் நிற்க, பெரிய உருவமாக அமர்ந்திருக்கிறார் தீர்த்தங்கரர். தொங்கும் காதும் நிறைந்த உடலுமாக இருக்கும் அவரை ஊர்க்காரர்கள் செட்டியாராகவே கண்டார்கள். குகைக்கும் அந்தப் பெயர் நின்றுவிட்டது. உள்ளே சிம்மத்தின் மீது அமர்ந்து, யானைமேல் வரும் வீரனோடு பொரும் இயக்கி ஒருத்தி இருக்கிறாள். ஆளரவமற்ற குகையில் இந்தப் போர்க் காட்சியைக் கண்ட ஆடு மேய்க்கும் சிறுவர்களுக்குத் தனிக் கதை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கு மேலே பாறையில் எட்டு உருவங்கள் வரிசையாக உள்ளன. பாகுபலி, பார்சுவநாதர் ஆகியோரும் அவற்றில் அடக்கம். கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். இன்றைய விருதுநகர் மாவட்டத்துக் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளியின் மாணாக்கர் பலர் இங்கு வந்து உருவம் செய்வித்திருக்கிறார்கள். ஓர் உருவத்தைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார். இந்தத் தாயின் பெயர் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் தாண்டி நிற்பது, இந்த மலையில் உள்ள செய்திகளிலேயே மனத்தைத் தொடுவது. சமண வழிபாடு நின்றுபோன பிறகு அந்த இடம் பேச்சியம்மன் பெயரில் வாழ்ந்தது. சிலைகளை யாரும் உடைக்கவில்லை. தெரிந்த தெய்வத்தின் பெயரில் ஏற்றுக்கொண்டார்கள். இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற கோயிலின் அடித்தளம் எஞ்சியிருக்கிறது. உச்சியில் கன்னடக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. வடக்கிருந்தும் துறவியர் இங்கு வந்து போனதற்கு அது அடையாளம்.

மதுரையைச் சுற்றி இதுபோன்ற குன்றுகளில் பாதிக்கு ஊர் வழக்கில் ‘பஞ்சபாண்டவர்’ என்பதே முன்னொட்டு. கீழவளவில் பஞ்சபாண்டவர் மலை. கருங்காலக்குடியில் பஞ்சபாண்டவர் குட்டு. குகைத்தரையில் ஆள் படுக்குமளவு வழவழப்பாகச் செதுக்கி, தலைப்பக்கம் தலையணைபோல் உயர்த்திவிட்ட கற்படுக்கைகளைப் பாண்டவர் வனவாசத்தில் படுத்த படுக்கை என்பார்கள். பெரியது பீமனுடையது என்று அதில் படுத்து அளந்து பார்க்காத சிறுவர் குறைவு. ஐவருக்கு ஏன் இத்தனை படுக்கை என்று யாரும் எண்ணிக் கேட்டதில்லை. கொங்கர் புளியங்குளத்தில் மட்டும் முப்பதுக்கு மேல். குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டிய காடி, அதன் அருகே தமிழி எழுத்து ஆகியவையே இவை துறவியருக்காக அமைக்கப்பட்டவை என்று சொல்கின்றன. மாங்குளம் மீனாட்சிபுரத்துக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். இவ்வகை எழுத்துகள் தமிழே என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். நெடுஞ்செழியனின் பணியாள் ஒருவர் கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்குச் செய்வித்த பள்ளி அது என்பதை ஐராவதம் மகாதேவன் தெளிவாக்கினார். அதுவரை அந்த வரிகள் ஊர்க்காரர்களுக்கு வெறும் கீறல்கள்.

பசுமலைக்கு இத்தகைய எழுத்துப் புகழ் இல்லை. அதன் பெருமை பிற்காலத்தது. அமெரிக்க மதுரை மிஷன் இங்கே நிலைகொண்டு பள்ளிகளை நடத்தியது. 1881இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரிதான் பின்னர் நகருக்குள் கோரிப்பாளையத்துக்கு இடம்பெயர்ந்த அமெரிக்கன் கல்லூரி. நாவலர் சோமசுந்தர பாரதியார் குடியிருந்ததும் பசுமலையில்தான்.

இந்தக் குன்றுகளைத் தாங்கிவந்த ஊர்க்கதைகளால் அவற்றை எப்போதும் காப்பாற்ற முடியவில்லை. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகப் பல குன்றுகள் வெட்டப்பட்டன. கனிம முறைகேடுகளை விசாரிக்க ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை உயர்நீதிமன்றம் 2014இல் நியமித்தது. யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் 2010ஐ ஒட்டி எழுந்தபோது, நரசிங்கம், ஒத்தக்கடைப் பக்கத்து மக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த ‘பசுமை நடை’ அந்த எதிர்ப்பின் சூட்டில் பிறந்ததே. குடும்பத்தோடு மலையேறி, பிள்ளைகளுக்குக் கல்வெட்டை நேரில் காட்டும் வழக்கத்தை அது மதுரைக்குக் கொடுத்தது. பீமன் படுக்கையில் ஊர்ப்பெயரையும் காதலி பெயரையும் கீறிவைக்கும் கைகளுக்கு அந்த வழக்கம் இன்னும் எட்டவில்லை என்பதும் உண்மை.

அச்சணந்தி பெயர் உள்ள இன்னொரு மலை, மேலூருக்கு அருகே அரிட்டாபட்டிக் கழிஞ்சமலை. குடைவரைச் சிவன் கோயில், இலகுலீசர் சிற்பம், சுனைகள், ஏரிகள், பாறை இடுக்குகளில் கூடுகட்டும் வல்லூறுகள் என்று எல்லாம் ஒருங்கே அமைந்த ஊர். 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுவே முதலாவது. 2024 நவம்பரில் அந்த நிலத்தையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானது. சுற்றுப்பட்டு ஊர்கள் திரண்டு மதுரைக்கு நடந்தன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.