வேலூர் தந்த தாதியர் பட்டம்

கொழும்பிலே, சிறப்பாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒருவருக்குத் தீராத நோய் கண்டுவிட்டால், உறவினர் கூடிப் பேசுமிடத்து, "வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன?" என்ற சொல் எழாமல் இராது. அவ்வாறே சென்று குணமடைந்து திரும்பியோர் வைத்திய நிபுணர்களைப் பெயர் சொல்லிப் புகழ்வர். தாதியரைப் பற்றிக் கேட்டாலோ, "நல்ல பிள்ளைகள், அன்பாகப் பார்த்தார்கள்" என்ற அளவோடு நிறுத்திக்கொள்வர். அந்தப் பிள்ளைகளுட் பலர் பட்டதாரிகள் என்பதும், தாதியர் கல்வியைப் பல்கலைக்கழகப் பட்டமாக இந்தியாவில் முதன்முதல் தொடங்கிய இரு இடங்களுள் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒன்று என்பதும் நம்மிற் பலர் நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பட்டம் பிறந்த வரலாற்றையே நேயர்களுக்கு இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இவ்வரலாற்றின் வேர் ஈழநாட்டில் ஓடுகிறது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் என்னும் வைத்தியர் 1819ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணம் வந்து, பண்டத்தரிப்பிலே தம் வைத்தியப் பணியைத் தொடங்கினார். 1836இல் அவர் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருடைய பேர்த்திதான் வேலூரை உலகறியச் செய்த ஐடா ஸ்கடர். 1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்த அவ்வம்மையாருக்கு இளமையில் இந்தியாவில் வாழும் விருப்பமே இருக்கவில்லை. ஆயினும், திண்டிவனத்தில் தந்தையார் வீட்டில் தங்கியிருந்த ஓர் இரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் வருந்தும் தம் மனைவியரைப் பார்க்க வருமாறு அவரை அழைத்தனர். "நான் வைத்தியம் கற்றவளல்லள், என் தந்தையார் வருவார்" என்றார் ஐடா. ஓர் ஆடவர் தம் மனைவியரைத் தொட்டுப் பார்ப்பதற்கு அம்மூவரும் இசையவில்லை. விடிந்தபொழுது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ஐடா அமெரிக்கா சென்று, 1899இல் கோர்ணெல் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே வேலூருக்கு மீண்டார். நியூயோர்க்கைச் சேர்ந்த ஒரு வங்கியாளர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டொலரைக் கொண்டு, 40 படுக்கைகளுடைய மேரி ரேபர் ஷெல் வைத்தியசாலை 1902இல் எழுந்தது.

இந்த மூன்று மரணங்களின் கதையை, பெண்களுக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாகவே யாவரும் சொல்லிவருகின்றனர். அது சரியே; ஆனால் பாதிதான். வைத்தியர் வந்து, வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்துத் தையலும் இட்டுச் சென்றார் என்று கொள்வோம். அதன் பின் வரும் இரவு முழுவதும் நாடியைப் பிடித்துப் பார்ப்பவர் யார்? இரத்தம் மறைவாகக் கசிகிறதா என்று நோக்குபவர் யார்? வைத்தியர் ஒரு நோயாளியிடம் நிற்பது ஒரு நாளில் கால் மணி நேரம். எஞ்சிய பொழுதெல்லாம் அவ்வுயிர் வேறொருவர் கையில் இருக்கிறது. ஐடா அம்மையார் இதனை விரைவிலேயே உணர்ந்தார். 1909இல், டெலியா ஹோட்டன் என்னும் அமெரிக்கத் தாதியின் பொறுப்பில் வேலூரிலே தாதியர் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்ததோ 1918இல். எனவே வேலூரில் முதலிற் பிறந்தது தாதியர் கல்வியே.

பள்ளியைத் திறப்பது எளிது. பிள்ளைகளைச் சேர்ப்பது எளிதன்று. அந்நியர் உடம்பைத் தொடுவதும், மலசலம் அகற்றுவதும், இரத்தம் துடைப்பதும் தாழ்ந்தோர் தொழில் என்று நம் சமூகம் நெடுங்காலம் எண்ணி வந்தது. நாம் வழங்கும் சொல்லே இதற்குச் சான்று பகரும். "தாதி" என்பது தமிழில் ஒரே எழுத்தில் அமைந்த இரு சொல். "தாசி" என்ற வடசொல்லின் வழியாக வந்தால் அது பணிப்பெண்ணைக் குறிக்கும். "தாத்ரி" என்பதன் வழியாக வந்தால் வளர்ப்புத் தாயைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இன்று வழங்கும் "செவிலி" என்ற சொல்லோ, சங்கச் செய்யுட்களிலே தலைவியை வளர்த்தெடுத்த தாயின் பெயர். இலங்கையில் நாம் "தாதி" என்பதையே வைத்துக்கொண்டோம். அதில் தவறில்லை. ஆனால், இரு பொருளுள் எதனை மனத்திற் கொண்டு அச்சொல்லை உச்சரித்தோம் என்பதே கேள்வி. மகளை வைத்தியராக்கக் காணியை ஈடு வைத்த குடும்பங்கள், அதே வைத்தியசாலையில் அவள் தாதியாக வேண்டும் என்றால் முகம் சுளித்தமையை இக்காலத்தவரும் அறிவர்.

வெளியுலகிலும் நிலைமை பெரிதும் வேறாக இருக்கவில்லை. 1860இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தொடங்கிய பள்ளியே நவீன தாதியர் பயிற்சிக்குத் தாயகம். அது ஒழுங்கையும் தூய்மையையும் நன்மதிப்பையும் தந்தது. ஆனால் அவ்வழியிற் பின்னர் எழுந்த பள்ளிகள் பலவற்றில், மாணவி பாதி நேரம் படிப்பாள், பாதி நேரம் வைத்தியசாலைக்கு மலிவான வேலையாளாக இருப்பாள். படிப்பா வேலையா என்ற போட்டி வந்தால் வேலையே வெல்லும். அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1909இலே தாதியர் கலாசாலை ஒன்றைத் தன்னகத்தே அமைத்தது. நைட்டிங்கேலின் தாய்நாடாகிய பிரித்தானியாவோ மிகவும் பிந்தியது. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் தாதியர் கல்விக்கென ஒரு பிரிவு 1956இல் தோன்றி, பட்டப்படிப்பு 1960இலேதான் ஆரம்பமாயிற்று. வேலூரிலே அது 1946இல் தொடங்கிவிட்டது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு சிறு நகரத்து மிஷன் வைத்தியசாலை எத்துணைத் துணிவோடு அடியெடுத்து வைத்தது என்பது விளங்கும்.

அத்துணிவுக்கு ஓர் இடுக்கணே காரணமாயிற்று. 1930களின் பிற்பகுதியில், பட்டமில்லாத குறுங்கால மருத்துவப் படிப்பு இனி வேண்டாம் என்று சென்னை அரசாங்கம் முடிவு செய்தது. வேலூர் மருத்துவப் பள்ளி ஒன்று கல்லூரியாக உயர வேண்டும், அன்றேல் மூடப்பட வேண்டும். ஐடா அம்மையார் எழுபது வயதை அணுகிய காலத்தில் அமெரிக்கா சென்று பணம் திரட்டினார். யுத்தத்தின் நடுவே, 1942இல், பட்டப்படிப்பு தொடங்கியது. மருத்துவம் பல்கலைக்கழகத்தோடு இணையலாமாயின் தாதியம் ஏன் இணையலாகாது என்ற வினா அதன்பின் எழுவது இயல்பே. அதே வேளையில் இந்திய அரசாங்கம் அமைத்த போர் குழு 1946இல் அறிக்கை வெளியிட்டது. 43,000 மக்களுக்கு ஒரு தாதியே அன்றைய இந்தியாவில் இருந்தார் என்று அக்குழு கணக்கிட்டது. அந்த 1946ஆம் ஆண்டிலேயே டில்லியிலும் வேலூரிலும் தாதியர் கல்லூரிகள் பட்ட வகுப்புகளை ஆரம்பித்தன. டில்லியினது அரசாங்கக் கல்லூரி. வேலூரினது பல திருச்சபைகள் சேர்ந்து நடத்தியது. சென்னைப் பல்கலைக்கழகம் அதற்குப் பட்டம் வழங்க இசைந்தது. புளோரன்ஸ் ரெயிலர், வேரா பிற்மன் ஆகிய இரு தாதிமார் இம்முயற்சியின் முன்னணியில் நின்றனர். நான்கு ஆண்டுப் படிப்பு. உடற்கூறு, உடற்றொழில், நுண்ணுயிரியல், போஷாக்கு, உளவியல், சமூகவியல், மகப்பேற்றுப் பணி, பொதுச் சுகாதாரம் யாவும் அதில் அடங்கின.

"பட்டம் பெற்றவள் மலப்பாத்திரம் தூக்குவாளா?" இந்த ஏளனக் கேள்வி எங்கும் எழுந்தது, இன்றும் ஓயவில்லை. இக்கேள்விக்கு வேலூர் சொற்களால் விடையிறுக்காமல் ஓர் ஏற்பாட்டினால் விடையிறுத்தது. அங்கே கல்லூரி வேறு, வார்டு வேறு என்ற பிரிவு வைக்கப்படவில்லை. வகுப்பில் விரிவுரை செய்யும் ஆசிரியையே வார்டின் தாதியப் பணிக்கும் பொறுப்பாளர். தாம் காலையிற் கற்பித்ததைப் பிற்பகலில் நோயாளியின் கட்டிலருகே மாணவிகள் காணச் செய்துகாட்ட வேண்டியவர் அவர். செய்ய இயலாததைக் கற்பிக்கவும் முடியாது. கற்பித்ததைச் செய்யாமல் தப்பவும் முடியாது. வேலூர் செய்த காரியங்களுள் இதுவே மிகச் சிறந்தது என்பது என் கருத்து. பெருங்கட்டிடங்களையும் அரிய அறுவைச் சிகிச்சைகளையும் நான் இதற்கு அடுத்தபடியாகவே வைப்பேன்.

கல்வியினால் கட்டிலருகே என்ன வேறுபாடு உண்டாகும் என்று கேட்கலாம். அறுவைச் சிகிச்சை முடிந்து கிடக்கும் ஒருவரின் நாடி வேகமாகிறது; குருதியமுக்கம் சிறிது சிறிதாகக் குறைகிறது; தோல் குளிர்ந்து வியர்க்கிறது; அவர் நிலைகொள்ளாமல் புரளுகிறார். பழக்கத்தினால் மட்டும் பணி செய்பவர் எண்களைக் குறித்துவிட்டு, வலியினாற் புரளுகிறார் என்று எண்ணக்கூடும். இவை நான்கும் சேர்ந்தால் உள்ளே இரத்தம் போகிறது என்று அறிந்தவர் அக்கணமே வைத்தியரை அழைப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் ஓர் உயிர் தங்கும். அனுபவம் மிகுந்த தாதியரும் இதனை அறிவர், உண்மை. ஆனால் அந்த அனுபவம் வருமுன்னர் எத்தனை இரவுகள் கழிந்திருக்கும்!

வைத்தியசாலைச் சுவருக்கு வெளியிலும் வேலூருக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. 1909இல் ஐடா அம்மையாருக்கு ஒற்றைச் சிலிண்டர் பூஜோ மோட்டார் வண்டி ஒன்று கிடைத்தது. குடியாத்தம் வீதியிலே அவ்வண்டியிற் சென்று, மரநிழல்களில் நிறுத்தி, காத்திருந்த கிராமத்தவருக்கு மருந்து கொடுத்தார். இந்த வீதியோர வைத்தியமே பின்னாளில் பொதுச் சுகாதாரத் தாதியத்துக்கு முன்னோடியாயிற்று. பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. கிராமத்துத் தாயிடம் தமிழிலோ தெலுங்கிலோ பேசினாலன்றிக் காரியம் நடவாது. எனவே, படித்ததைத் தாய்மொழியில் எடுத்துரைக்கும் பயிற்சி மாணவிகளுக்குத் தானாகவே வாய்த்தது. இவ்விடத்தில் மானிப்பாயில் வாழ்ந்த சாமுவேல் கிறீன் வைத்தியரை நினையாமல் இருக்க முடியவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், உடற்கூறு, அறுவை, பிரசவம் ஆகிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கி, மாணாக்கருக்குத் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்தார். அந்த மரபு தொடர்ந்திருந்தால் தாதியர் பட்டத்துக்கும் தமிழ் நூல்கள் வரிசையாக வந்திருக்கும்.

அவ்வாறாயின் பட்டம் ஏன் மானிப்பாயில் தோன்றவில்லை? மானிப்பாயிலும் இணுவிலிலும் எழுந்த மிஷன் வைத்தியசாலைகள் தாதியரைப் பழக்கின. ஆனால் அவை ஒரு சிறு மிஷனின் சக்திக்கு உட்பட்டவை. வேலூருக்குப் பல நாட்டுத் திருச்சபைகளின் ஆளும் பொருளும் துணை. மேலும், இலங்கையில் அரசாங்கமே வைத்தியசாலைகளைப் பெருக்கி, இலவச வைத்தியம் அளித்து, 1939இல் கொழும்பிலே தாதியர் பயிற்சிக் கலாசாலையையும் நிறுவியது. அங்கே பயில்வோருக்குப் படி கிடைத்தது. பயிற்சி முடிந்ததும் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. ஏழைக் குடும்பத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் இதனால் வாழ்வு பெற்றனர். நம் நாட்டில் தாய்சேய் மரணம் குறைந்தமைக்கு அவர்கள் உழைப்பும் பெருங்காரணம். ஆகவே பட்டம் இல்லாமை ஒரு குறையாக எவருக்கும் தோன்றவில்லை. 1994இலேதான் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அத்தபாஸ்காப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, தாதியர் பட்டப்படிப்பை ஆரம்பித்தது. வேலூருக்கு அது 48 ஆண்டு பிந்தியது. முதலிற் சேர்ந்தோர் வார்டுகளிலே ஏற்கெனவே பணியாற்றிக்கொண்டிருந்த தாதியர். இரவுக் கடமை முடித்து வீடு சேர்ந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தவர்கள்.

அதன் பின்னர் பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களிலும் இப்பட்டம் வந்துவிட்டது. ஆனால் வேலூரின் ஏற்பாடு இங்கு வரவில்லை. விரிவுரையாளர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்; வார்டுத் தாதியோ சுகாதார அமைச்சைச் சேர்ந்தவர். மாணவி இருவருக்குமிடையில் நிற்கிறாள். பட்டம் பெற்றவருட் பலர் வெளிநாடு செல்வதைக் குறைகூறுவோர், இங்கே அவருக்குக் கட்டிலருகே எத்தகைய இடம் வைத்திருக்கிறோம் என்பதைக் கேட்பதில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலே, பிள்ளைகளை இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோருக்குத் துணையாக ஒருவரை அமர்த்தும்போதும், மாதம் எவ்வளவு என்பதே முதற் கேள்வியாக இருக்கிறது. அவர் எங்கே, எவ்வளவு காலம் பயின்றவர் என்பது பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது.