கோட்டை அழிப்பது யார்?

தமிழில் 'கடன்காரன்' என்ற சொல் இரண்டு பேருக்கும் பொது. 'கடன்காரன் வாசல்ல வந்து நிக்கிறான்' என்றால் கொடுத்தவன். 'ஊரெல்லாம் கடன்காரன் ஆயிட்டான்' என்றால் வாங்கியவன். கடனின் சரித்திரம் என்பது இந்த இருவருக்கும் நடுவே என்ன நடக்கலாம், என்ன நடக்கக் கூடாது என்று காலந்தோறும் போட்ட கணக்குதான். அந்தக் கணக்கில் பணம் பாதி, பெயர் பாதி.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ நம்ம கடற்கரைக்கு வந்தார். அரபு வணிகர்கள் 'மாபார்' என்று அழைத்த பாண்டிய நாட்டுக் கரை. அங்கே கண்ட ஒரு வழக்கத்தை எழுதியிருக்கிறார். பலமுறை கேட்டும் கடனைத் தராமல் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிப்பவனைச் சுற்றிக் கொடுத்தவன் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவான். பணத்தைக் கொடுக்கும்வரை, அல்லது பிணை காட்டும்வரை, அவன் வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. ராஜாவே ஒரு வெளிநாட்டு வணிகருக்குப் பாக்கி வைத்திருந்தார். குதிரைமேல் வந்தவரைச் சுற்றி வணிகர் வட்டம் போட்டுவிட்டார். ராஜா அப்படியே நின்றார், வணிகர் திருப்தியாகும்வரை நகரவில்லை. இதைத் தாமே கண்ணால் பார்த்ததாகவும் மார்க்கோ போலோ சொல்கிறார்.

இந்தக் கதையில் பலரும் ரசிப்பது ராஜாவின் நேர்மையை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கணக்குத் தீர்ந்தது, அல்லது இருவரும் ஏதோ ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள் என்றால் வட்டத்துக்கு வேலை முடிந்தது. அடுத்த நாள் அந்த மண்ணில் கோடு இருக்காது.

வட இந்தியாவில் இதற்கு இணையான வழக்கம் தர்ணா. கொடுத்தவன் வாங்கியவன் வீட்டு வாசலில் பட்டினியாக உட்காருவான். பட்டினி கிடப்பவன் செத்தால் பாவம் வீட்டுக்காரனுக்கு. இந்தப் பயமுறுத்தலை 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் குற்றமாக்கியது. தெய்வக் குற்றம் வரும் என்று மிரட்டுவதைத் தண்டிக்கும் 508ஆம் பிரிவுக்கு, வாசலில் தர்ணா உட்காருவதையே உதாரணமாக எழுதி வைத்தார்கள். வசூலிக்கும் உரிமை வேறு, வாசலில் நின்று மானத்தை வாங்குவது வேறு என்று சட்டம் சொன்னது.

கடன் எவ்வளவு தூரம் வளரலாம் என்பது அடுத்த கேள்வி. பெருமந்தத்தில் விளைபொருள் விலை விழுந்தபோது சென்னை மாகாண விவசாயிகள் வட்டியில் மூழ்கினார்கள். ராஜாஜி அமைச்சரவை 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனில், 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி பாக்கி முழுவதும் போயிற்று. அசலும் வட்டியுமாக அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. கொடுத்தவர்கள் கொதித்தார்கள். ஆனால் ஒரு கடனுக்கு முடிவு என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதை அரசு எழுத்தில் ஒத்துக்கொண்டது.

முடியாதவனுக்கு இன்னொரு கதவும் இருந்தது. 'மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்', 'ஐ.பி. போட்டுட்டான்' என்று ஊரில் சொல்வார்களே, அது இன்சால்வன்சி பெட்டிஷன். சட்டப்படி அது விடுதலை, ஊர் வாயில் அது வசை. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு படி மேலே போனார். கையில் இல்லாத காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் போட முடியாது, இருந்தும் கொடுக்காத வஞ்சகம் இருந்தால்தான் போடலாம் என்றார்.

சிறை போனது, வசூல் ஏஜென்ட் வந்தார். கிரெடிட் கார்டும் தனிநபர் கடனும் பெருகியதும் வங்கிகள் வசூலை வெளியாருக்குக் கொடுத்தன. அடியாள் வைத்து வசூலிக்கக் கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2008இல் ரிசர்வ் வங்கி ஏஜென்ட்டுகளுக்கு விதிமுறை வகுத்தது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று 2022இல் தெளிவாக எழுதியது.

வாசலில் நிற்பவரை இப்படி ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்திக்கொண்டு வந்த அதே காலத்தில் வட்டம் வேறிடத்தில் வரையப்பட்டது. 1837இன் வணிக வீழ்ச்சியில் நொடித்துப்போன நியூயார்க் பட்டு வணிகர் லூயிஸ் டப்பன், 1841இல் மெர்க்கன்டைல் ஏஜென்சியைத் தொடங்கினார். எந்த ஊர் வணிகர் நாணயமானவர், யார் குடிகாரர் என்று உள்ளூர் ஆட்களிடம் கேட்டுப் பேரேட்டில் எழுதி, சந்தா கட்டியவர்களுக்குச் சொன்னார். அந்த மரபின் இந்தியக் கிளைதான் 2000இல் தொடங்கிய சிபில். 2005இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. இன்று நாலு நிறுவனங்கள் நம் நாணயத்தை 300க்கும் 900க்கும் நடுவே ஒரு எண்ணாகச் சொல்கின்றன.

இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். ஏஜென்ட் போனில், 'ரெண்டு லட்சம் வேணாம் சார், எண்பதாயிரம் கட்டுங்க, முடிச்சிடலாம்' என்கிறார். கட்டியவர் வட்டம் அழிந்தது என்று நிம்மதியாகிறார். ஆனால் சிபில் அறிக்கையில் விழுவது 'செட்டில்டு' என்ற சொல், 'குளோஸ்டு' அல்ல. முழுசாகக் கட்டவில்லை, பேசி முடித்தார் என்று அதற்குப் பொருள். ஆண்டுக்கணக்கில் அது நிற்கும். வீட்டுக் கடனுக்குப் போகும்போது முதலில் கண்ணில் படுவதும் அதுதான். மீதியையும் பின்னால் கட்டி, பாக்கியில்லை என்ற சான்றிதழ் வாங்கினால் பதிவை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

அதனால் பேச்சை நம்பக் கூடாது. எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள், கட்டியபின் என்ன நிலை என்று பதிவாகும் என்பதெல்லாம் வங்கியின் கடிதத்தில் வந்த பிறகே பணம். அதுவும் கடன் கணக்குக்குப் போக வேண்டும், ஏஜென்ட்டின் சொந்த எண்ணுக்கு அல்ல. 'இப்போதைக்கு ஒரு ஆயிரம் போடுங்க' என்பதிலும் கவனம் வேண்டும். புரோநோட்டின் பின்பக்கம் சிறு தொகை வரவு எழுதிக் கையெழுத்து வாங்கி, மூன்று வருஷக் கெடுவை மறுபடி முதலிலிருந்து ஓடவிடும் பழைய லேவாதேவிக்காரரின் உத்தி அது. கெடு முடிவதற்குள் கொஞ்சம் கட்டி அதற்கு எழுத்தில் சாட்சி இருந்தால், இன்றைய சட்டத்திலும் புதுக் கெடு தொடங்கும். கெடு தாண்டினால் வழக்குப் போடுவதுதான் போகும், அறிக்கையில் உள்ள பதிவு போகாது.

வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். தப்பு இருந்து புகார் செய்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2023இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. சின்னத் தொகைதான். ஆனால் ஒருவரைச் சுற்றிக் கோடு போட்டவர், அதைச் சரியாகப் போட்டோமா என்று பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை அது ஒத்துக்கொள்கிறது. அந்த அளவில் கொடுத்தவரும் கடன்காரர்தான்.