சேதுபதியின் வாரிசும் லாசாவின் வாரிசும்

குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் ஆலயத்தைச் சூழ்ந்து கிடக்கும் திருச்சுழி, இரமண மகரிஷியின் ஜன்மபூமி என்ற அளவில் உலகம் அறிந்த ஊர். அவர் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக முன்னரே ஒரு மேலரசர் தம் கீழரசருக்குப் பரிசாகக் கொடுத்த சீமை இது என்பதை இவ்வட்டாரத்தாரே அதிகம் நினைப்பதில்லை. மைசூர்ப் படை, கண்டாரையெல்லாம் மூக்கறுத்துக்கொண்டு 1656ஆம் ஆண்டை ஒட்டி மதுரையை நெருங்கியபோது, நோயுற்றிருந்த திருமலை நாயக்கருக்குத் துணையாக ரகுநாத சேதுபதி தம் மறவர் படையோடு விரைந்து சென்று பகைவரைத் துரத்தினார். அதற்குக் கைம்மாறாக நாயக்கர் அவர் செலுத்திய கப்பத்தைத் தள்ளுபடி செய்து, தம் பெயரையே பட்டமாகச் சூட்டி, திருப்புவனம், பள்ளிமடம் ஆகியவற்றோடு திருச்சுழியையும் ஈந்தார்.

மனம் குளிரவேண்டிய வரலாறுதான். ஆனால் இதே நாயக்கர், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், சேதுநாட்டின் வாரிசுப் பூசலில் தம்பி என்பாரின் பக்கம் நின்று, இராமப்பய்யன் தலைமையில் பெரும்படை அனுப்பி, தளவாய் சேதுபதியைச் சிறைப்பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனவர் என்பதையும் உடன் நினைக்கவேண்டும். மேலரசின் கை முதலில் நீளுவது பொக்கிஷத்தை நோக்கி அன்று, பட்டத்தை நோக்கியே என்பது என் துணிபு. கிழவன் சேதுபதி 1702இல் மதுரைப் படையை முறியடித்துத் தனியாட்சி கண்டார். எனினும் கும்பினியார் 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிறக்கிச் சிறையிலிட்டனர். கமுதியிலும் அபிராமத்திலும் முதுகுளத்தூரிலும் மயிலப்பன் சேர்வைக்காரர் 1799இல் மூட்டிய கிளர்ச்சியை அடக்கிய பின், 1803இல் அவர்களே சேதுபதியின் தமக்கை மங்களேசுவரி நாச்சியாரை ஜமீன்தாரிணியாக அமர்த்தினர். நாடு ஜமீன் ஆயிற்று.

திபெத்தின் சரித்திரத்தை வாசிக்குந்தோறும் இவை என் நெஞ்சில் எழுகின்றன. திபெத்தின் அரசியல் முறையையும் தலாய் லாமாவின் அந்தஸ்தையும் மாற்றமாட்டோம் என்று பீகிங் 1951ஆம் ஆண்டின் பதினேழு அம்ச ஒப்பந்தத்தில் வாக்களித்தது. 1954இல் பீகிங் சென்ற இளம் தலாய் லாமாவை மா சே துங் உபசரித்து, விடைகொடுக்கையில் மதம் விஷம் என்றார். 1959 மார்ச்சில் அவர் இந்தியாவுக்குத் தப்பி வரவேண்டியதாயிற்று. பஞ்சென் லாமாவின் மறுபிறப்பென 1995இல் அவர் அறிவித்த ஆறு வயதுச் சிறுவனைச் சீன அதிகாரிகள் கொண்டுபோயினர். வேறொரு பிள்ளையைப் பீடத்தில் அமர்த்தினர். அச்சிறுவனைப் பொதுமக்கள் இன்றுவரை பார்க்கவில்லை.

தைவானின் கதை வேறு. அங்கே ஒதுங்கிய சியாங் கை ஷேக்கின் அரசும் திபெத் தன்னுடையதே என்று உரிமை பாராட்டியது. தன் குடிகளையும் 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டத்தின்கீழ் வைத்திருந்தது. சீனா தீவுக்கு அருகே ஏவுகணைகளை வீசி அச்சுறுத்தியும், 1996 மார்ச்சில் மக்கள் தம் அதிபரைத் தாமே நேரில் தேர்ந்தனர். அடுத்த ஆண்டிலேயே, அவ்வாறு தேர்வுபெற்ற லீ தெங் ஹுயி தலாய் லாமாவைத் தைபேயில் வரவேற்றார்.

குடிகளே வாரிசைத் தேரும் அந்த மாற்றத்தை எம் கரிசல்காடும் அறியும். கைரேகைச் சட்டம் நீங்கிய 1947 வரை, இரவுதோறும் போலீஸ் காவலில் தலைகாட்டவேண்டியிருந்தவர்கள் வாழ்ந்த பூமி இது. அவர்களும், கண்மாய்ப் பாசனக் குடியானவரும், அருப்புக்கோட்டை நெசவாளரும், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சின்னம் ஒட்டி வைத்த பெட்டிகளுள் தாம் விரும்பியதில் 1952இல் சீட்டை இட்டு, ஆளும் காங்கிரஸை எதிர்த்த முத்துராமலிங்கத் தேவரை மக்களவைக்குத் தேர்ந்தனர். டில்லி அவ்விடத்துக்கு வேறொருவரை நியமித்துவிடவில்லை. ஐந்தே ஆண்டுகளில், 1957இல், முதுகுளத்தூர்க் கலவரத்தில் ஏழைகளின் குடிசைகள் எரிந்ததையும், பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டதையும் மறைக்க எனக்கு மனமில்லை; வாக்குரிமை வந்த இடத்தில் சாதியின் ஆணவமும் கூடவே நின்றது.

அகதிகளாய் வந்த திபெத்தியர் 1960 செப்டம்பரிலேயே தம் பிரதிநிதிகளைத் தேர்ந்து சபை கூட்டினர். தலாய் லாமாவின் அதிகாரத்தையே சபை பறிக்கலாம் என்ற விதியை, அவர்கள் தயங்கியும், அவரே வற்புறுத்தி 1963இன் சாசனத்தில் இடம்பெறச் செய்தார். மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்ட காலத்தில், 1642இல், ஐந்தாம் தலாய் லாமா ஏற்ற அரசதிகாரத்தைப் பதினான்காமவர் 2011இல் துறந்தார். தர்மசாலாவிலும் கர்நாடகத்துப் பைலக்குப்பையிலும் உலகெங்கும் பரந்த குடியிருப்புகளிலும் திபெத்தியர் இட்ட வாக்குகளால் வென்ற லோப்சாங் சங்கே அவ்வாண்டு அதனை ஏற்றார்.