நூறு தரையிறக்கம் கண்ட வடம்

எஃகுக் கம்பிகளைப் புரிகளாக்கி, ஒரு நார்க்கருவைச் சுற்றி முறுக்கினால் பிறக்கிறது அந்த வடம். தடிமன் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் குறுக்கே கிடந்து, பாய்ந்து வரும் ஜெட்டின் வால்கொக்கியைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை.

இதன் முன்னோர் வெறும் கயிறுகள். 1911 ஜனவரி 18 அன்று, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 'பென்சில்வேனியா' போர்க்கப்பல்மேல் அமைத்த மரத்தளத்தில் விமானி யூஜின் எலி இறங்கியபோது, இரு முனையிலும் மணல் மூட்டை கட்டிய கயிறுகள் அவருடைய இலேசான விமானத்தை நிறுத்தின.

இன்று வருவதோ இருபது டன்னைத் தொடும் ஜெட். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் வருவது, சுமார் 100 மீட்டருக்குள், இரண்டு மூன்று விநாடிகளில் நின்றாக வேண்டும். அதிலும் சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி எஞ்சினை முழு விசைக்குத் தள்ளுகிறார். கொக்கி வடத்தைத் தவறவிட்டால் மீண்டும் பறந்தாக வேண்டுமே! ஆக, முன்னால் இழுக்கும் எஞ்சினோடும் மல்லுக்கட்டுகிறது வடம்.

இத்தனை ஆற்றலையும் விழுங்குவது வடமல்ல. அதன் முனைகள், தளத்துக்கடியில் கப்பிகள் வழியே ஓடும் இன்னொரு நீண்ட வடத்தோடு பிணைந்திருக்கின்றன. அது இழுபட, ஹைட்ராலிக் எந்திரத்தின் உந்துதண்டு திரவத்தை ஒரு வால்வு வழியே பிதுக்குகிறது. வேகமெல்லாம் அங்கே வெப்பமாகிறது. ஒவ்வொரு விமானம் வருமுன்னும் அதன் எடைக்கேற்ப வால்வைத் திருத்தி வைக்க வேண்டும். எடையைக் குறைத்து வைத்தால் விமானம் தளத்தைத் தாண்டி ஓடும். கூட்டி வைத்தால் கொக்கியோ வடமோ அறும். வேகம் பத்து சதவீதம் கூடினாலே ஆற்றல் இருபத்தொரு சதவீதம் கூடிவிடும். எடை மிஞ்சிய விமானம் இன்னும் வேகமாக வர நேரும்; அது எரிபொருளைக் கொட்டிவிட்டு இறங்குவது இதனால்தான்.

தளத்தின்மேல் கிடக்கும் வடம் தாங்கும் ஒவ்வொரு தரையிறக்கத்துக்கும் கணக்கு உண்டு. இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏறக்குறைய நூறு ஆனதும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், கழற்றிவிடுகிறார்கள். உலோகத்தின் களைப்பு கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கண்டிப்பு மிகச் சரி என்பேன்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. 2016 மார்ச்சில் 'ஐசனோவர்' கப்பலில் ஒரு ஹாக்ஐ ராடார் விமானம் இறங்கியபோது வடம் அறுந்து தளமெங்கும் சுழன்று வீசியது. எட்டு மாலுமிகள் காயமடைந்தனர். விமானம் தளத்தின் விளிம்பிலிருந்து கீழே சரிந்து, மயிரிழையில் மேலெழுந்து, கரையிலுள்ள நார்ஃபோக் சேர்ந்தது. காணொளியில் தெரிவது அறுந்த வடம்தான். விசாரணை கண்டதோ வேறு: கீழே இருந்த எந்திரத்தைப் பழுதுபார்த்தபோது ஒரு முக்கியமான படி விடுபட்டிருந்தது, பழுதுபார்த்தவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருந்த செயல்முறையும் போதுமானதாக இல்லை.